மேசைக்குத் திரும்பிய கன்று

எங்கள் மலைப்பக்கத்துச் சபைகள் சிலவற்றில் இந்த வருடம் அறுப்பின் பண்டிகை ஏலத்தைச் செல்போனில் நடத்தப் போகிறார்களாம். பூசணிக்காயைப் படம் எடுத்துக் குழுவில் போடுவார்கள். துபாயில் இருப்பவர் அங்கிருந்தே தொகையைத் தட்டி அனுப்புவார். அந்தப் பூசணிக்காய் கடைசியில் யார் வீட்டுக் குழம்புக்குப் போகும் என்று கேட்டேன். யாருக்கும் தெரியவில்லை.

வாலிபர் சங்கச் செயலாளர் வீடு தேடி வந்தார். "அண்ணாச்சி, நீங்க இத்தன வருசம் ஏலம் கூறுனத எழுதித் தாங்க. பண்டிகை மலர்ல போடுதோம். எங்களுக்கும் ஒரு வழிகாட்டியா இருக்கும்" என்றார். மலருக்கு விளம்பரம் குறைந்து பக்கம் காலியாகக் கிடக்கிறது என்று நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். இருந்தாலும் எழுதுகிறேன்.

அறுப்பின் பண்டிகை தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. வருடத்துக்கு ஒருமுறை விளைந்ததில் ஒரு பங்கைச் சபையார் ஆலயத்துக்குக் கொண்டுவருவார்கள். வாழைத்தார், ஏலக்காய், பூண்டு, கோழி, ஆட்டுக்குட்டி, எதுவும் இல்லாதவர் ஒரு முட்டை. ஆராதனை முடிந்ததும் எல்லாவற்றையும் வெளியே மேசையில் வைத்து ஏலம் விடுவார்கள். கூவுவதற்கு ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் நான்.

எனக்குப் படிப்பு ஆறாம் வகுப்பு. அப்பா தேயிலை ஃபேக்டரியில் உலர்த்தும் அறையில் வேலை பார்த்து, இருமிக்கொண்டே செத்தார். லயத்து வீடு எஸ்டேட்டில் வேலை இருப்பவருக்குத்தான் என்பதால் காலி செய்தோம். அம்மா தன் தம்பி வீட்டுக்குப் போனார். நான் காந்தலூரில் பூண்டு மூட்டை ஏற்றினேன், பிறகு லாரியில் கிளீனராக ஏறினேன். கோஸ் ஏற்றிக்கொண்டு மலை இறங்கி, உடுமலை பொள்ளாச்சி தாண்டி வடகரப்பதிப் பக்கத்துக் காய்கறிச் சந்தைக்குப் போன ஒரு நாளில் லாரியின் கியர்பாக்ஸ் உடைந்தது. முதலாளி லாரியை அங்கேயே விற்றார். என்னை விற்க முடியாது என்பதால் விட்டுவிட்டுப் போனார்.

அந்தச் சந்தையில் கமிஷன் மண்டி வைத்திருந்த ஒரு ராவுத்தர் என்னைச் சேர்த்துக்கொண்டார். சட்டையின் இடது கையைப் பொத்தான் போட்டு மூடியிருப்பார். வலது கையை மட்டும் தோள் வரைக்கும் சுருட்டிவிட்டிருப்பார். ஏன் என்று முதல் நாளே தெரிந்துவிட்டது. ஒரு மூட்டை வந்து இறங்கினால் அவர் மேலே பார்க்கவே மாட்டார். பக்கவாட்டில் அந்தக் கையை நுழைத்து அடி வரைக்கும் விடுவார். அடியிலிருந்து ஒரு பாகற்காயை எடுத்து, மேலே கிடக்கும் பாகற்காயின் பக்கத்தில் வைப்பார். அதற்குப் பிறகுதான் பேச்சு.

"ஏனுங்க கவுண்டரே, மேல இருக்கறது உங்க காடு. அடியில இருக்கறது ஆரு காடுங்க?"

"மழைங்க ராவுத்தரே. எல்லாம் அப்படித்தான் காச்சுது."

"மழை அடியில மட்டும் பேஞ்சுதாக்கும்."

கோபமே இருக்காது. விவசாயியும் சிரிப்பார். ஆனால் அந்த மூட்டை அடியில் இருந்த காயின் விலைக்குத்தான் போகும். சத்தம் போட்டு அவர் ஒருவரையும் திட்டி நான் பார்த்ததில்லை. எந்த மூட்டையையும் அடி பார்க்காமல் விட்டதையும் பார்த்ததில்லை. சொந்த மச்சான் கொண்டுவந்த மூட்டைக்கும் அதே கைதான்.

அவரிடம் கூவிக்கொண்டிருந்த ஆளுக்குத் தொண்டை கட்டிய ஒரு காலையில் என்னைப் பெட்டி மேல் ஏற்றி நிறுத்தினார். அன்றிலிருந்து கூவினேன். அவர் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுக்கிற ஆள் இல்லை. தப்பு செய்தால் சுருட்டிய கையால் முதுகில் ஒன்று வைப்பார். அடி வாங்கி நான் தெரிந்துகொண்டவை மூன்று. கேட்கிறவனின் முகத்தைப் பார்க்காதே, கையைப் பார். முகம் விலையை மறைக்கும், கையால் முடியாது. இரண்டாம் தரத்துக்கும் மூன்றாம் தரத்துக்கும் நடுவில் ஒரு மூச்சு விடு. வேண்டியவன் என்று அந்த மூச்சைக் குறைக்காதே, ஆகாதவன் என்று கூட்டாதே. ஏலத்தில் எடுத்துவிட்டு வேண்டாம் என்று விட்டவன், அன்றைக்கு அதே மூட்டையை மறுபடி கேட்கக் கூடாது.

வெள்ளிக்கிழமை தொழுகைக்குப் போகும்முன் மண்டி வாசலில் ஏழைகள் வந்து நிற்பார்கள். ராவுத்தர் தலையைக் குனிந்துகொண்டு வரிசையாகக் கொடுப்பார். எல்லாரையும் அடி வரைக்கும் பார்க்கிறவர் இவர்களை மட்டும் ஏன் பார்க்கவில்லை என்று எனக்குச் சந்தேகம். ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"மொகத்தைப் பாத்தா அடுத்த வாரம் சந்தையில அவன் எனக்கு சலாம் வெக்கறானான்னு பாப்பேன்டா முத்து. வெக்கலீன்னா கோவம் வரும். எதுக்கு வம்பு? போயி தக்காளிப் பொட்டிய எறக்கு."

அப்போது அது எனக்கு ஒரு பெரிய பேச்சாகப் படவில்லை. கஞ்சத்தனத்தை மறைக்க எதையோ சொல்கிறார் என்றுதான் நினைத்தேன்.

ஒரே கூரையின் கீழ் நெடுநாள் இருக்க எனக்கு வராது. ஒரு மழைக்காலத்தில் ராவுத்தரிடம் சொல்லிக்கொண்டு மலையேறிவிட்டேன். காந்தலூரில் ஒரு சபையின் போதகர், சந்தையில் கூவியவன் என்று கேள்விப்பட்டு, பண்டிகை ஏலத்துக்குக் கூப்பிட்டார். ஒரு சபை பார்த்து இன்னொரு சபை கூப்பிட்டது. பண்டிகைக் காலம் முழுக்க மலை மலையாகப் போவேன். மற்ற மாதங்களில் லாரி, ஏலக்காய்க் காடு, ஹோட்டல் அடுப்படி, எது கிடைக்கிறதோ அது. ஏலத்துக்குக் கூலி என்று பேசியதில்லை. பஸ் காசும் மத்தியானச் சாப்பாடும் தருவார்கள். சில இடத்தில் விற்காத பூசணிக்காயைக் கையில் கொடுத்து, அதுவும் ஆசீர்வாதம் என்பார்கள்.

சந்தைக்கும் சபைக்கும் ஒரே வித்தியாசம். சந்தையில் விலையைக் குறைக்கப் பொய் சொல்வார்கள். சபையில் ஏற்றுவதற்குப் பொய் சொல்வார்கள். மூட்டைக்கு அடி இரண்டு இடத்திலும் உண்டு. ஆண்டவருக்கென்று கொண்டுவரும் கோழி முட்டையிடுவதை நிறுத்திய கோழியாக இருக்கும். வாழைத்தாரின் சுவர்ப்பக்கச் சீப்பு அழுகியிருக்கும். அதனால் நான் ஒரு நாள் முன்னதாகவே போய், வருகிற பொருளை எல்லாம் தொட்டுப் பார்த்துவிடுவேன். போதகர்களுக்கு இது பிடிக்காது. "காணிக்கையச் சந்தேகப்படக் கூடாது ஞானமுத்து" என்பார்கள். வாங்கிக்கொண்டு போகிறவர் என்னைத்தானே திட்டுவார் என்பேன்.

பொருளுக்கு அடி பார்ப்பது சுலபம். கொடுக்கிற ஆளுக்கு அடி பார்ப்பதுதான் கஷ்டம். காந்தலூரில் ஒரு வருடம் ஒரு முட்டைக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஒருவர் பூண்டு வியாபாரி. இன்னொருவர் அவருடைய மைத்துனர், லாரி வைத்திருந்தார். இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. வியாபாரி முட்டையை நூறு ரூபாய்க்கு எடுத்து, "ஆலயத்துக்கே" என்று மேசைக்குத் திருப்பிக் கொடுத்தார். கூட்டம் கை தட்டியது. மைத்துனர் அதைவிட அதிகத்துக்கு எடுத்து அவரும் திருப்பிக் கொடுத்தார். மறுபடி வியாபாரி. மறுபடி மைத்துனர். சாப்பாட்டு அண்டா ஆறிக்கொண்டிருந்தது. தட்டோடு நின்ற பெண்களில் ஒருவர், "இப்படியே போனா முட்டை குஞ்சு பொரிச்சிரும். மொதல்ல சோத்தப் போடுங்க" என்றார். கடைசியில் கை மாறும்போது முட்டை கீழே விழுந்து உடைந்தது. கேட்ட தொகையை இருவரும் கட்டவில்லை. உடைந்த முட்டைக்கு யார் கட்டுவது என்று வருடக்கணக்கில் பேசிக்கொண்டிருந்தார்கள்.

அதற்குப் பிறகு ராவுத்தரின் சட்டத்தை நான் சபைகளுக்கும் கொண்டுவந்தேன். ஏலத்தில் எடுத்ததைத் திருப்பிக் கொடுத்தால் பொருள் மேசைக்குப் போகும். எடுத்துக் கை விட்டவர் அதை மறுபடி கேட்கக் கூடாது. எல்லாப் போதகர்களும் ஒப்புக்கொண்டார்கள். எல்லாருக்கும் பசித்திருக்கிறது.

இனி கன்றுக்குட்டியின் கதை. செல்போன்காரர்கள் இதை மட்டும் படித்தால் போதும்.

சித்திரபுரத்துக்கு மேலே ஒரு சின்னச் சபை. எஸ்டேட்டில் ரிட்டயர் ஆனவர்கள், மின்வாரியக் குடியிருப்பில் இருக்கும் சில குடும்பங்கள், ஜீப் ஓட்டும் பையன்கள். அங்கே பெரிய மனிதர் செல்லத்துரை முதலாளி. அவரும் லயத்தில் பிறந்தவர்தான். ஏலக்காய் வாங்கி விற்று மேலே வந்து, இப்போது டூரிஸ்டுகளுக்கு வீடு கட்டி வாடகைக்கு விடுகிறார். ஆலயத்துக்குக் கூரை போட்டவர் அவர். கூரையில் பெயர் எழுதினால் யாருக்கும் தெரியாது என்று வாசலில் கல் வைத்திருந்தார்கள். மழையில் நனையாமல் இருக்க அந்தக் கல்லுக்கும் ஒரு சின்னக் கூரை.

வழக்கம்போல் முந்தின நாள் மத்தியானமே போய்விட்டேன். ஒரு கன்று வருகிறது என்றார்கள். போய்ப் பார்த்தேன். ரத்தினபாய் என்ற அம்மா, கொழுந்து எடுத்து ரிட்டயர் ஆனவர். கணவர் இல்லை, மகளைத் தென்காசிப் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தார். எஸ்டேட்டில் கடைசியாகக் கொடுத்த பணத்தில் சரிவில் நான்கு சென்ட் வாங்கி, ஒரு வீடும் ஒரு தொழுவமும் போட்டிருந்தார். ஒரு பசு. பால் ஊற்றித்தான் பிழைப்பு.

கன்றின் வாயைத் திறந்து பார்த்தேன். தொப்புள் காய்ந்து சுத்தமாக இருந்தது. கால் நேர். கிடாரி. ஒரு குறையும் இல்லை. குறையில்லாத பொருளைக் காணிக்கையாகக் கொடுப்பவரை நான் கொஞ்சம் கூடுதலாகவே சந்தேகப்படுவேன்.

"எதுக்கும்மா இதக் குடுக்கீய?" என்று கேட்டேன்.

"மழையில பாதை எல்லாம் மண்ணு சரிஞ்சு கெடந்துச்சு அண்ணாச்சி. மிருக டாக்டரு வர முடியல. கன்னு குறுக்க மாட்டிக்கிட்டு. தாயும் குட்டியும் பொழச்சா குட்டி ஒமக்குன்னு ஆண்டவருகிட்ட சொல்லிட்டேன். ரெண்டும் பொழச்சிட்டு."

"தாய்க்கு இன்னும் ஈத்து இருக்கா?"

"இதான் கடைசின்னுட்டாரு டாக்டரு. இவதான் எனக்கு அடுத்த மாடு. அதான் பால் பணம் சேத்து வச்சிருக்கேன். மீட்டுக்கிடலாம்லா?"

மீட்டுக்கொள்ளலாம். அது இந்த மலைச் சபைகளில் எழுதாத ஒரு வழக்கம். பொருத்தனை செய்து, அதாவது நேர்ந்துகொண்டு, கொடுத்த ஆடு மாட்டை, கொடுத்தவரே ஏலத்தில் ஒரு விலை சொல்லிக் கேட்டால், மற்றவர்கள் வாயைத் திறக்க மாட்டார்கள். பணம் ஆலயத்துக்கு, மாடு வீட்டுக்கு. ஆண்டவருக்கும் கொடுத்தாயிற்று, பிழைப்பும் போகவில்லை. எனக்குத் தெரிந்து அதை யாரும் மீறியதில்லை.

திரும்பும்போதுதான் ஜீப்புத் தடத்தைப் பார்த்தேன். கீழே ரோட்டிலிருந்து ஏறி வந்து, நேராகத் தொழுவத்துச் சுவரில் முட்டி நின்றது.

"இது என்ன, வண்டித் தடம் இங்க வந்து நிக்கி?"

"மேல முதலாளி புதுசா ரெண்டு வீடு கட்டுதாரு. இந்தத் தொழுவத்தப் பிரிச்சா ஜீப்பு ஏறிரும்."

"கேட்டாரா?"

"கேட்டாத்தான் முடியாதுன்னு சொல்லிரலாமே. அவரு கேக்க மாட்டாரு. கிறிஸ்மசுக்குச் சேலை குடுத்து விட்டாரு. மழைக்குத் தார்ப்பாய் குடுத்து விட்டாரு. ரெண்டையும் திருப்பி அனுப்பிட்டேன். ஊருல எனக்குத் திமிருங்காக."

"வாங்கிக்கிட்டா என்ன?"

"மூணாவதா ஒண்ணு குடுப்பாரு. அப்புறமா ஒருநா சும்மா வந்து நிப்பாரு. அன்னிக்கு எந்த வாயால முடியாதுங்க?"

அந்த அம்மா பள்ளிக்குப் போனவர் இல்லை. ஆனால் மூட்டையின் அடியில் கை விட அவருக்கும் தெரிந்திருந்தது.

மறுநாள் ஆராதனையில் போதகர், காணிக்கைப் பெட்டியில் கையில் இருந்த காசை எல்லாம் போட்ட ஏழை விதவையைப் பற்றிப் பேசினார். நல்ல பிரசங்கம்தான். ஆனால் விதவையைப் பற்றிப் பேசிய நேரமெல்லாம் அவர் கண் முன்வரிசையில் செல்லத்துரை முதலாளியின் மேல் இருந்தது. ரத்தினபாய் பின்னால் தூண் ஓரமாக இருந்தார்.

ஏலம் தொடங்கியது. முதலாளி நாற்காலியில் அமர்ந்து போன் பேசிக்கொண்டே இருந்தார். அவர் போனில் இருக்கும்போது அவருடைய டிரைவர் டேனியல்தான் அவருக்காகக் கையைத் தூக்குவான். மதில் ஓரம் ஜீப்பில் சாய்ந்துகொண்டு நின்றான். முதலாளி திரும்பி ஒரு பார்வை பார்த்தால் அவன் கை மேலே போகும். மறுபடி பார்த்தால் இறங்கும். வாழைத்தாரும் மிளகும் அப்படித்தான் போயின. அந்தக் கை முதலாளியின் கை என்று சபைக்கே தெரியும்.

கன்று கடைசி. மேசைக் காலில் கட்டினேன். ரத்தினபாய் எழுந்து, "அஞ்சாயிரம்" என்றார். சபை அமைதியானது. அது மரியாதையான அமைதி. எல்லாருக்கும் வழக்கம் தெரியும்.

"ஒரு தரம். ரெண்டு தரம்."

நான் மூச்சு விட்டேன். முன்வரிசையிலிருந்து, "ஆறு" என்று சத்தம் வந்தது. முதலாளி போனை மடியில் வைத்திருந்தார்.

யாரோ ஒரு பெரியவர், "முதலாளி, அது பொருத்தனைக் கன்னு" என்றார்.

"தெரியும். ஆலயத்துக்குத்தான போகுது? கூடுதலா போகட்டுமே."

ரத்தினபாய் ஆறாயிரத்து ஐந்நூறு என்றார். அது அவர் கையில் இருந்த பணம் இல்லை என்று குரலிலேயே தெரிந்தது. முதலாளி ஒரே தாவலாகப் பதினைந்து என்றார். ரத்தினபாய் உட்கார்ந்துவிட்டார். நான் மூன்று தரமும் கூறி முடித்தேன். வேறு வழி இல்லை.

முதலாளி எழுந்து வந்து என் கையிலிருந்த மைக்கை வாங்கினார். "இந்தச் சகோதரி தனியா இருந்து கஷ்டப்படுதாக. ஆண்டவரு எனக்கு நெறைய குடுத்திருக்காரு. இந்தக் கன்ன நான் அவுகளுக்கே சும்மா குடுக்கேன்."

சபை கை தட்டியது. போதகர் இரண்டு கையையும் உயர்த்தி ஸ்தோத்திரம் சொன்னார். எனக்குத் தொழுவத்துச் சுவரில் முட்டி நின்ற ஜீப்புத் தடம்தான் கண்ணில் நின்றது. சேலையைத் திருப்பி அனுப்பலாம், தார்ப்பாயைத் திருப்பி அனுப்பலாம். சபை முழுவதும் கை தட்டிக் கொடுத்த கன்றை எப்படித் திருப்பி அனுப்புவது? இந்த மூட்டையை அவர் நன்றாகக் கட்டியிருந்தார். மேலே எல்லாம் பழுத்த காய்.

ரத்தினபாய் மெதுவாக மேசைக்கு வந்தார். முதலாளியைப் பார்த்து, "எனக்குக் குடுத்துட்டீகளா ஐயா?" என்று கேட்டார்.

"குடுத்துட்டேன்மா."

"முழுசா?"

"முழுசாத்தான். கால மட்டும் நான் வச்சுக்கிட முடியுமா?"

கூட்டம் சிரித்தது. அந்த அம்மா சிரிக்கவில்லை. "திரும்பக் கேக்க மாட்டீகளே?"

"இது என்ன பேச்சு? குடுத்தா குடுத்ததுதான்."

"அப்ப இது என் கன்னு. நான் மேசைக்குக் குடுக்கேன்."

கயிறு மேசைக் காலில்தான் கட்டியிருந்தது. அவர் அதை அவிழ்த்து, ஒரு தரம் கையில் பிடித்து, மறுபடி அதே காலில் கட்டினார்.

போதகர் கீழ்க்குரலில், "அம்மா, தேடி வார ஆசீர்வாதத்தத் தள்ளக் கூடாது" என்றார்.

"தள்ளலங்கய்யா. ஆண்டவருக்குன்னு சொன்னவ நானு. இத நான் சும்மா ஓட்டிட்டுப் போனா, குடுத்தது முதலாளி. நான் ஒண்ணுமே குடுக்கலன்னு ஆயிரும். கஷ்டப்படுதவ குடுக்கக் கூடாதா?"

போதகர் காலையில் பேசியதும் இதேதான்.

அந்த இடத்தை நான் பல வருடம் யோசித்திருக்கிறேன். பேராசை என்றால் வாங்குகிற கையைப் பற்றித்தான் பிரசங்கம் செய்கிறார்கள். கொடுக்கிற கையிலும் அது உண்டு. ஏழை ஆண்டவருக்குக் கொடுக்க வைத்திருக்கும் ஒன்றே ஒன்றையும் எடுத்து, தன் பெயரில் அந்த ஏழைக்கே கொடுத்துவிட முடியும் பணக்காரரால். பார்க்கிறவர்களுக்கு ஏழையின் கை நிறைந்ததாகவே தெரியும். தலை குனிந்து கொடுத்த ராவுத்தர் சொன்னது கஞ்சத்தனம் இல்லை என்று எனக்கு அங்கே நின்றபோதுதான் உறைத்தது.

நான் மைக்கைத் திருப்பி வாங்கிக்கொண்டேன். "பொருள் மேசைக்கு வந்துட்டு. ஏலத்துல எடுத்துக் கை விட்டவங்க கேக்கக் கூடாது. அது இங்க உள்ள சட்டம். மத்தவங்க கேக்கலாம்" என்றேன். முதலாளி நாற்காலியில் போய் உட்கார்ந்தார். முகம் சிரித்தபடி இருந்தது. நான் முகத்தைப் பார்ப்பவன் இல்லை. விரல்கள் நாற்காலிக் கையைப் பிடித்திருந்தன.

"அஞ்சாயிரம்" என்றார் ரத்தினபாய்.

"ஒரு தரம்." வேறு கை எழவில்லை. "ரெண்டு தரம்."

முதலாளி மதில் பக்கம் திரும்பி ஒரு பார்வை பார்த்தார். சபையும் திரும்பியது. டேனியல் ஜீப்பில் சாய்ந்து நின்றான். அவன் தன் பெயரில் கேட்டால் என் சட்டத்தால் தடுக்க முடியாது. அந்த மூச்சைக் குறைத்துவிடலாம் என்று எனக்குத் தோன்றியது. சட்டென்று மூன்றாம் தரம் சொன்னால் கதை முடிந்தது. ஆனால் அடுத்த வருடம் வேறொருவருக்காக அதைக் கூட்டச் சொல்வார்கள். வழக்கமான மூச்சு எவ்வளவோ அவ்வளவே விட்டேன். அது அவ்வளவு நீளம் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

டேனியலின் கை தொங்கிக்கொண்டிருந்தது.

முதலாளி சத்தமாகவே கூப்பிட்டார். "டேனியல்."

"முதலாளி."

"என்னலே பாத்துக்கிட்டு நிக்க?"

"கன்னுக்குட்டியத்தான் பாக்கேன் முதலாளி. நல்ல சுழி."

சாப்பாட்டு அண்டாப் பக்கமிருந்து முதலில் ஒரு சிரிப்பு வந்தது. பிறகு சபை முழுவதும். என் மூச்சு முடிந்திருந்தது.

"மூணு தரம்."

ரத்தினபாய் முந்தானையில் முடிந்திருந்த பணத்தை எடுத்து மேசையில் வைத்துவிட்டு, கன்றை ஓட்டிக்கொண்டு போனார். சாப்பிடக்கூட நிற்கவில்லை. பசு கத்தும் என்றார்.

செல்லத்துரை முதலாளியைப் பற்றி நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். பதினைந்தாயிரத்தை அவர் தர மாட்டார் என்று நினைத்து மேசைப் பக்கமே நின்றேன். அன்று சாயங்காலத்துக்குள் முழுத்தொகையும் வந்துவிட்டது. கூரையும் இன்றுவரை ஒழுகவில்லை. தொழுவத்தைப் பிரிக்காமலே, மறுபக்கம் சுற்றி வழி வெட்டிக்கொண்டார். செலவு அதிகம் ஆனதாகச் சொன்னார்கள். அந்த அம்மா தன்னை அவமானப்படுத்திவிட்டார் என்று சில காலம் சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு, தான் விட்டுக்கொடுத்ததாகச் சொல்லத் தொடங்கினார்.

அடுத்த வருடம் போனபோது முதலாளியின் ஜீப்பில் வேறு ஒரு பையன் இருந்தான். டேனியல் மூணாறில் யாருடைய டாக்சியையோ வாடகைக்கு எடுத்து ஓட்டுவதாகச் சொன்னார்கள். வண்டி கிடைக்காத நாளில் டூரிஸ்டுகளுக்குப் பெட்டி தூக்குகிறானாம். கல்யாணம் ஆகி ஒரு குழந்தையும் இருந்தது.

அவனுக்கு அடியில் என்ன இருந்தது என்று நான் விசாரிக்காமல் விடவில்லை. ரத்தினபாய் சொந்தமா? இல்லை. பால் கடனா? அவன் வீட்டில் பால் பாக்கெட்தான். முதலாளி சம்பளம் தராமல் வைத்திருந்தாரா? ஒழுங்காகக் கொடுத்திருக்கிறார். வேறு வேலை முன்பே பேசி வைத்திருந்தானா? இருந்தால் ஏன் பெட்டி தூக்குகிறான்? எப்படிக் கை விட்டுப் பார்த்தாலும் அடியில் வேறு காய் அகப்படவில்லை. எனக்கு அது நிம்மதியாக இல்லை. உண்மையைச் சொன்னால் இன்றைக்கும் இல்லை.

செல்போனில் ஏலம் நடத்தப் போகிற பிள்ளைகளுக்கு இதைத்தான் சொல்ல வந்தேன். தொகை தட்டியவர்களின் பெயர் உங்கள் குழுவில் வரிசையாக வரும். தட்டாமல் இருந்தவன் ஏன் இருந்தான் என்பது அதில் வராது.

மூணாறில் ஒருநாள் பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது டேனியலைப் பார்த்தேன். ஆற்றுப்பாலத்துப் பக்கம் டாக்சியைக் கழுவிக்கொண்டிருந்தான். நலம் விசாரித்தேன். பிறகு நேராகவே கேட்டேன்.

"அன்னிக்கு ஏன்டே கையத் தூக்கல?"

"என்னிக்கு?"

"வெளயாடாத. அந்தக் கன்னு."

அவன் வாளியைத் தூக்கி வண்டியின் மேல் ஊற்றினான். "எத்தன தடவ தூக்கியிருக்கேன் அண்ணாச்சி, அப்ப ஒருநாளும் ஏன்னு நீங்க கேக்கல."

"இப்பக் கேக்கேன்."

"சும்மா நின்னதுக்கு என்னத்தச் சொல்ல? கொஞ்சம் தள்ளி நில்லுங்க, தண்ணி தெறிக்கும்."

தள்ளி நின்றேன். அவன் அடுத்த வாளியை ஊற்றினான்.